பஸ் எங்கே திரும்புகிறது?

நகரத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது நம் படித்த வர்க்கத்துக்கு இப்போது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. இலக்கியக் கூட்டம் முடிந்து வெளியே நின்று டீ குடிக்கும்போது ஆரம்பிக்கும். "சென்னை மனுஷன் வாழ்ற ஊராங்க? மூச்சு முட்டுது. ரிட்டயர் ஆனதும் கிராமத்துக்கே போயிடப் போறேன்" என்பார் ஒருவர். அடுத்தவர் கொஞ்சம் கலை நாட்டம் உள்ளவர். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் ரோட்டோரத்தில் தெரிகிற வீடுகளைப் பார்த்து அவருக்கு மனசு ஆறவில்லை. "எல்லாம் தீப்பெட்டி அடுக்குன மாதிரி கான்கிரீட்டு. பச்சை, ரோஸ் கலர் வேற. அந்தக் காலத்து ஓட்டு வீடு, திண்ணை, முற்றம், என்ன அழகு!" என்பார். மூன்றாமவர் காரில் வந்திருப்பார். "பஸ்ல ஏற முடியலைங்க. ஒரே கூட்டம், வேர்வை நாத்தம். அதான் வண்டி வாங்கிட்டேன்."

தமிழ் எம்.ஏ. படித்த நாளிலிருந்து இந்த மூன்று பேச்சையும் கேட்டுக்கொண்டு வருகிறேன். ஒருத்தருக்குக் கத்தரிக்காய் பிடிக்கும், ஒருத்தருக்கு முருங்கைக்காய் பிடிக்கும், இதுல உனக்கு என்னப்பா சண்டை என்று நண்பர்கள் என்னைச் சமாதானப்படுத்துவார்கள். எனக்குச் சண்டை இருக்கிறது. கத்தரிக்காய் பிடிக்காதவன் என் தட்டிலிருந்து சோற்றை எடுப்பதில்லை. கூட்டம் பிடிக்காதவன் என் பஸ்ஸை எடுத்துவிடுகிறான்.

முதலில் கிராமத்துக்குப் போகப்போகிறவருக்கு. போங்கள் அய்யா, தாராளமாகப் போங்கள். திரும்பிப் போக உங்களுக்கு அங்கே ஒரு தெரு இருக்கிறது. நீங்கள் போனால் கட்டில் போட்டு உட்கார வைப்பார்கள். அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைக் கொண்டாடிப் பேசியவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பர் 4ஆம் தேதி பதில் சொன்னார். கிராமம் என்பது குறுகிய புத்தியும் அறியாமையும் சாதிவெறியும் அடைந்துகிடக்கிற இடம் என்பதுதான் அதன் சாரம். அந்தப் பேச்சைப் படிக்காமலேயே அதன் பொருள் தெரிந்தவர் என் நைனா. திண்டிவனத்துக்குப் பக்கத்துச் சேரி ஒன்றிலிருந்து விழுப்புரத்துக்கு மூட்டை தூக்க வந்தவர். ஏன் வந்தீங்க என்று கேட்டால், கூலி அதிகம் என்று சொல்ல மாட்டார். "அங்க எவன் ரோட்ல போனாலும் எழுந்து நிக்கணும்டா. இங்க நான் யாருன்னு எவனுக்குத் தெரியும்?" என்பார். நம்முடைய நவீன கவிஞர்கள் நகரம் மனிதனின் முகத்தைத் தின்றுவிட்டது என்று அழுதுகொண்டிருந்த அதே வருஷங்களில்தான் என் நைனா தன் முகத்தை யாருக்கும் தெரியாது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்.

இதைச் சொன்னதும் நான் நகரத்துக்குப் பூசாரி ஆகிவிட்டதாக நினைக்க வேண்டாம். அய்ந்து திசைக்கு ரயில் பிரிகிற ஜங்ஷன் ஊர் விழுப்புரம். கோர்ட்டு, போலீஸ் ஸ்டேஷன், மார்க்கெட் எல்லாம் இருக்கிற ஊர். அந்த ஊரில்தான் 1978 ஜூலையில் பெரிய பறைச்சேரி கொளுத்தப்பட்டது, 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அது ஏதோ காட்டுக்குள் இருக்கிற குக்கிராமத்தில் நடக்கவில்லை. கரண்டும் சினிமா கொட்டகையும் வந்துவிட்டால் சாதி கரைந்துவிடும் என்று நம்பிய முற்போக்குகளுக்கு விழுப்புரம் அன்றைக்கே பதில் சொல்லிவிட்டது. சின்ன டவுன் என்பது பஸ் ஸ்டாண்டு வைத்த கிராமம்தான். அங்கே யார் யாருடைய பிள்ளை என்பது மூன்றாவது கேள்வியில் தெரிந்துவிடும்.

இந்த மூன்று கேள்வியை நானும் சந்தித்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் அதே டவுனில் வாடகைக்கு வீடு தேடினேன். வீட்டுக்காரர் மரியாதையானவர்தான். "சார் எங்க வேல பாக்கறீங்க?" சொன்னேன். "சொந்த ஊரு?" சொன்னேன். "ஊர்ல எந்தப் பக்கம்?" அந்த 'எந்தப் பக்கம்' என்ற சொல்லுக்கு நகர அமைப்பியல் படித்தவர்கள் ஒரு பாடப்புத்தகமே எழுதலாம். கிழக்கா மேற்கா என்பது அவர் கேட்ட கேள்வி இல்லை. நான் காலனி என்றதும், மேலே மாடியில் மச்சான் குடிவரப்போவதாக அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் படித்துத் திரும்பிய அம்பேத்கருக்கே பரோடாவில் தங்க இடமில்லை. பார்சி விடுதியில் வேறு பெயரில் தங்கியிருந்தவரைத் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். படிப்பு வந்தால் வீடு வரும் என்று நம்முடைய வாத்தியார்கள் சொல்லிக்கொடுத்ததற்கு இன்றைக்கும் கணக்கு நேராகவில்லை.

ஆகவே நான் சொல்வது இதுதான். டவுனோ நகரமோ அதன் கட்டடத்தாலோ விளக்காலோ எங்களுக்கு நல்லதாகிவிடவில்லை. கூட்டத்தால்தான் நல்லதாகிறது. எவ்வளவு கூட்டமோ அவ்வளவு நல்லது. ஆயிரம் பேர் இடித்துக்கொண்டு போகிற இடத்தில் ஒருத்தனையும் 'எந்தப் பக்கம்' என்று கேட்டு நிறுத்த முடியாது. உங்களுக்கு மூச்சு முட்டுகிற அந்த இடத்தில்தான் எங்களுக்கு மூச்சு வருகிறது. இது தெரிந்துதானோ என்னவோ, ஜி.எஸ்.டி. சாலை நெடுக மனை விற்கிறவர்கள் இப்போது மதில், கேட்டு, வாட்ச்மேன், உள்ளேயே ஒரு கோயில் என்று விளம்பரம் போடுகிறார்கள். ஊர்த்தெருவை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து நெடுஞ்சாலையில் இறக்கி வைப்பதற்குப் பெயர் நகர வளர்ச்சி.

இனி வீடு.

அந்தக் காலத்து ஓட்டு வீட்டையும் திண்ணையையும் பற்றி உருகுகிற நண்பரே, அந்தத் திண்ணையில் உட்கார்ந்தது யார்? எங்கள் தாத்தன் அந்தத் திண்ணையைப் பார்த்திருக்கிறார். தெருவில் நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பார்த்திருக்கிறார். திண்ணையின் உயரம், தூணின் வேலைப்பாடு எல்லாம் கீழே நிற்கிறவனுக்கு எப்படித் தெரிந்தது என்று எந்தக் கட்டடக்கலைப் புத்தகத்திலும் எழுதவில்லை. முற்றத்தில் விழுகிற மழையையும் நாங்கள் பார்த்ததில்லை. கொல்லைப்புறத்து வாசல் வரைக்கும்தான் எங்களுக்கு அந்த வீட்டின் வரைபடம் தெரியும்.

எங்கள் வீடு கூரை. கூரையைப் பற்றி எங்களுக்குத் தெரிந்த முக்கியமான சங்கதி, அது எரியும் என்பது. 1968 டிசம்பர் 25 ராத்திரி வெண்மணியில் 44 பேர் எரிந்தது ஒரு கூரைக்குள்தான். 1978இல் விழுப்புரத்தில் எரிந்ததும் கூரைதான். 2013 ஏப்ரலில் மரக்காணத்தில், மாமல்லபுரம் மாநாட்டுக்கு வண்டி வண்டியாகப் போனவர்கள் வழியில் இறங்கிக் கொளுத்தியதும் எங்கள் கூரையைத்தான். சேரிக்காரன் கான்கிரீட்டுக்கு ஆசைப்படுகிறான் என்றால் அவனுக்கு அழகுணர்ச்சி இல்லை என்று அர்த்தமா? தீக்குச்சிக்குப் பிடிக்காத பொருளில் வீடு கட்டுகிறான். தொகுப்பு வீடு என்று சர்க்கார் கட்டிக்கொடுத்ததில் மழைக்கு ஒழுகி, கம்பி துருப்பிடித்து, தூங்குகிற பிள்ளை மேல் காரை பெயர்ந்து விழுகிறது. ஆனாலும் அதை இடித்துவிட்டு மறுபடியும் கூரை போடுகிறேன் என்று எங்கள் சேரியில் ஒருத்தரும் சொன்னதில்லை.

கான்கிரீட்டும் காப்பாற்றவில்லை என்பதை 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி காட்டியது. நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று காலனிகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். காரணம் என்று ஒரு கலப்புத் திருமணத்தைச் சொன்னார்கள். ஆனால் என்ன எரிந்தது என்று பாருங்கள். பீரோ, மோட்டார் பைக், டி.வி., பாத்திரம், பிள்ளைகளின் சர்ட்டிபிகேட். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்ச் சம்பாதித்து வாங்கியவை. சுவர் எரியாது என்று தெரிந்து சுவருக்குள் இருந்ததை எரித்தார்கள். நகரத்துக் கூலி சேரிக்குள் வந்து மாடியாக நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. நண்பரே, உங்களுக்கு ரோஸ் கலர் கண்ணை உறுத்துகிறது. அவர்களுக்கும் அதே கலர்தான் உறுத்தியது.

ரோஸ் கலர் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் சின்னம்மா வீடு கட்டியபோது இதே கேள்வியை நானும் கேட்டேன். "ஏன் சின்னம்மா இவ்ளோ பளிச்சுன்னு?" சின்னம்மா சித்தாளாக இருபது வருஷம் சென்னையில் அடுத்தவர் வீட்டுக்குக் கல் சுமந்தவர். "பைபாஸ்ல போற பஸ்ல இருந்து பாத்தாக்கூட நம்ம வூடு தெரியணும்டா" என்றார். இதைவிடத் தெளிவாக ஒரு கட்டடத்தின் நோக்கத்தைச் சொன்ன இன்ஜினியரை நான் பார்த்ததில்லை.

நம் மாவட்டத்திலேயே கட்டடக்கலைக்குப் பேர்போன இடம் ஒன்று இருக்கிறது. வானூர் பக்கத்தில் 1968 பிப்ரவரி 28ஆம் தேதி தொடங்கிய ஆரோவில். ரோஜே ஆன்ழே என்கிற பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் 50,000 பேர் வாழப்போகிற நகரம் என்று படம் போட்டார். அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் சில ஆயிரம் பேர்தான். அங்கே கட்டுகிற மண் கல் வீடுகளைப் பார்க்க உலகத்திலிருந்து மாணவர்கள் வருகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, குளிர்ச்சியாகவும் இருக்கும். அந்த மண் கல்லை அறுத்து அடுக்குகிற கொத்தனார், சித்தாள், தோட்டக்காரர், வீட்டு வேலைக்காரம்மா எல்லாம் சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்தும் காலனிகளிலிருந்தும் சைக்கிளிலும் நடந்தும் போகிறார்கள். சாயங்காலம் வீடு திரும்பி, கையில் காசு சேர்ந்தால் சிமெண்டு மூட்டைதான் வாங்குகிறார்கள். மண் வீடு வேண்டும், வேண்டாம் என்று தேர்ந்தெடுக்க முடிந்தவனுக்குத்தான் மண் அழகு. இதைச் சொன்னால் சுற்றுச்சூழல் விரோதி என்கிறார்கள். மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2ஆம் தேதி விடிகாலையில் கருங்கல் மதில் சரிந்து 17 தலித்துகள் செத்தார்களே, அந்த மதிலும் ஒரு கட்டடம்தான். அழகான வீட்டுக்குள் இருப்பவருக்குச் சேரி தெரியாமல் இருக்க எழுப்பியது என்று அந்த மக்கள் சொன்னார்கள். அதைப் பற்றி ரசனைக்காரர்கள் என்ன எழுதினார்கள் என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

பஸ்ஸுக்கு வருகிறேன். இதுதான் எனக்கு முக்கியம்.

எங்கள் சீமைக்குப் பழைய பெயர் ஓய்மாநாடு. அதன் அரசன் நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை ஒரு வழிகாட்டி நூல். மரக்காணம் என்று அறிஞர்கள் சொல்கிற எயிற்பட்டினம் வழியாக, வேலூர், ஆமூர் தாண்டி, இன்றைய திண்டிவனத்துக் கிடங்கில் வரைக்கும் பசித்த பாணனுக்கு வழி சொல்கிறது. போகிற வழியெல்லாம் சோறு. பரதவர் கள்ளும் சுட்ட மீனும் தருவார்கள், எயினர் ஆமான் கறி போடுவார்கள், உழவர் வீட்டில் நண்டுக் கறியோடு வெள்ளைச் சோறு. எம்.ஏ. வகுப்பில் இதைப் பாடம் நடத்தியவர் தமிழர் விருந்தோம்பல் என்று கண்ணீர் விட்டார். எனக்கு வேறு ஒன்று தோன்றியது. வழியில் ஒருத்தரும் அந்தப் பாணனை நிறுத்தி எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. அதே வழியில் பிற்பாடு எங்கள் ஆட்கள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

பொது ரோட்டில் யாரும் நடக்கலாம், பொதுக் கிணற்றில் யாரும் தண்ணீர் எடுக்கலாம் என்று சென்னைச் சட்டசபையில் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். நடப்பதற்கே ஒரு தீர்மானம் தேவைப்பட்டது என்றால் வண்டியில் ஏறுவதை யோசித்துப் பாருங்கள். 1901இல் சிறுவன் பீமராவ், மசூர் ஸ்டேஷனில் இறங்கிக் கோரேகாவில் இருந்த அப்பாவைப் பார்க்கப் போக மாட்டு வண்டி கேட்டபோது, இரட்டைக் கூலி தருகிறோம் என்றும் ஒருத்தனும் வரவில்லை. கடைசியில் பிள்ளைகளே வண்டியை ஓட்டினார்கள், வண்டிக்காரன் தீட்டுக்குப் பயந்து கூட நடந்து வந்தான். 1929இல் அவர் பாரிஸ்டர், அரசாங்கக் கமிட்டி உறுப்பினர். சாலிஸ்காவில் அவரை ஏற்றிக்கொண்டு குதிரை வண்டி ஓட்ட ஒருவனும் தயாரில்லை. ஓட்டத் தெரியாத சேரிக்காரர் ஒருவர் ஓட்டி, பாலத்தில் வண்டி சாய்ந்து, அம்பேத்கர் கல் மேல் விழுந்து கால் எலும்பு முறிந்தது. இங்கே தெற்கே தனியார் பஸ்காரர்கள் எங்களுக்கு டிக்கெட் தர மாட்டோம் என்றார்கள். 1920களின் கடைசியில் இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், அப்படிச் சொல்கிற பஸ்ஸின் உரிமம் ரத்து என்று உத்தரவு போட்ட பிறகுதான் வழிக்கு வந்தார்கள். சென்னைப் பாண்டி பஜாரின் பெயரில் இருப்பவர் அவர்தான். அங்கே அகலமான நடைபாதை போட்டிருக்கிறார்கள் என்று ரசித்து நடக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பஸ் எங்களுக்குச் செய்ததை எந்தச் சீர்திருத்தக்காரரும் செய்யவில்லை. டீக்கடையில் தனி கிளாஸ் தொங்கிய காலத்தில், அந்த டீக்கடைக்கு எதிரில் வந்து நின்ற பஸ்ஸில் தனி சீட்டு இல்லை. டிக்கெட் வாங்கினவன் உட்கார்ந்தான். கோயிலுக்குள் ஒட்ட முடியாத உடம்பு அங்கே தொடையோடு தொடை ஒட்டி உட்கார்ந்தது, பிரேக் போட்டால் மேலே சாய்ந்தது. எங்கள் வேர்வை நாத்தத்தைப் பற்றிப் புகார் சொல்ல வேண்டுமானால் அவர்கள் இறங்கிப் போக வேண்டியிருந்தது. நம் காரில் வந்த நண்பர் அப்படி இறங்கிப் போனவர்தான்.

பஸ்ஸின் மேல் எழுதியிருக்கிற பெயர்கூடச் சும்மா இல்லை. விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு 1975இலிருந்து தந்தை பெரியார் பெயர். 1993இல் தென்னாற்காட்டைப் பிரித்து உண்டாக்கிய மாவட்டத்துக்கு இராமசாமி படையாட்சியார் பெயர். இப்படி மாவட்டத்துக்கும் கழகத்துக்கும் எத்தனையோ பெயர்கள். எல்லாப் பஸ்ஸிலும் எல்லாரும் ஏறினார்கள், டிக்கெட் எடுத்தார்கள். 1997இல் விருதுநகரில் ஒரு கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் என்று பெயர் வைத்ததும்தான், அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் எங்கள் கால் படாது என்றார்கள். தெற்கே ஊர் ஊராய்க் கலவரம். அரசு என்ன செய்தது? அந்த ஒரு பெயரைக் காப்பாற்றத் தெம்பில்லாமல் எல்லாப் பெயரையும் எடுத்துவிட்டது. பெரியார் பெயரும் போயிற்று, படையாட்சியார் பெயரும் போயிற்று. இன்றைக்குத் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் (விழுப்புரம்) என்று எழுதியிருப்பதைப் படிக்கிறபோதெல்லாம் அதற்குள்ளே அழிக்கப்பட்ட ஒரு தலித் பெயரைத்தான் நான் படிக்கிறேன்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. எங்கள் பெண்கள் வாரத்தில் ரெண்டு நாள் கூடுதலாக வேலைக்குப் போக முடிந்தது. களை வெட்டுவதை விட்டுவிட்டு டவுனில் கடை வேலைக்கும் ஆஸ்பத்திரி வேலைக்கும் போனார்கள். ஊர்க்காரர்களுக்கு ஆள் கிடைக்காத எரிச்சல். 2022இல் எங்கள் மாவட்டத்து அமைச்சர் ஒருவரே மேடையில் நின்று 'ஓசி' என்றார். எதிர்ப்பு வந்ததும் வருத்தம் தெரிவித்தார். சரி, விடுவோம். நெடுஞ்சாலையில் கார் போவதற்கு ஊருக்கு ஊர் மேம்பாலம் கட்டியதை யாரும் ஓசி என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

விழுப்புரத்து பஸ் ஒரு காலத்தில் சென்னையில் பாரிமுனை வரைக்கும் போனது. ஹைகோர்ட்டு, துறைமுகம், கொத்தவால் சாவடி என்று கூலி கிடைக்கிற இடத்தின் வாசலில் இறக்கிவிட்டது. 2002இல் நெரிசல் என்று சொல்லிக் கோயம்பேட்டுக்குத் தள்ளினார்கள். 2023 டிசம்பர் 30ஆம் தேதி கிளாம்பாக்கத்தைத் திறந்து, 2024 ஜனவரியிலிருந்து தென்மாவட்டத்துப் பஸ்களில் பெரும்பாலானவற்றை அங்கேயே நிறுத்திவிட்டார்கள். ஏறக்குறைய 88 ஏக்கர், பளபளப்பான தரை. பாரிமுனைக்கு அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம்கூட இல்லை. மயிலம் பக்கத்திலிருந்து போகிற சித்தாள் எட்டு மணிக்கு வடசென்னையில் கட்டட வேலையில் நிற்க வேண்டும் என்றால் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்று வரைபடம் போட்டவர்கள் கணக்குப் போட்டார்களா? இதே இருபத்துச் சொச்சம் வருஷத்தில்தான் கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து எங்கள் ஜனங்களை வாரிக்கொண்டு போய் 2000இலிருந்து கண்ணகி நகரிலும், அப்புறம் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் கொட்டினார்கள். பஸ்ஸையும் சேரியையும் ஒரே திசையில் தள்ளினார்கள். இரண்டுக்கும் சொன்ன காரணம் ஒன்றே. நெரிசல். அதாவது கூட்டம் பிடிக்கவில்லை.

ரயிலிலும் இதே கதை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாசஞ்சரை நிறுத்தினார்கள். திரும்ப விட்டபோது அதே பெட்டி, அதே வேகம், பெயர் மட்டும் எக்ஸ்பிரஸ். குறைந்தபட்ச டிக்கெட் 10 ரூபாய் 30 ரூபாயாகிவிட்டது. பழைய கட்டணம் திரும்ப 2024 பிப்ரவரி வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. தென்னாப்பிரிக்காவில் 1957இல் அலெக்சாண்ட்ரா சேரி மக்கள் பஸ் கட்டணம் ஒரே ஒரு பென்னி ஏறியதற்கு மூன்று மாதம் பஸ் ஏறாமல் ஜோகன்னஸ்பர்க் வரை நடந்தே வேலைக்குப் போனார்கள், அந்தப் பென்னியைத் திரும்ப வாங்கினார்கள். நாம் மூன்று மடங்கைக் கொடுத்துவிட்டு நாலு வருஷம் ஜன்னலோரம் பார்த்துக்கொண்டு வந்தோம். இதற்கு நம் இயக்கங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். சிலைக்கு மாலை போட ஆயிரம் வண்டி கட்டுகிறோம். ஒரு பாசஞ்சர் டிக்கெட்டுக்கு எத்தனை பேர் விழுப்புரம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்தோம்?

திண்டிவனம் தாலுகாவில் ஒரு ஊர். பெயர் வேண்டாம், வழக்கு இன்னும் முடியவில்லை. திண்டிவனத்திலிருந்து வருகிற டவுன் பஸ் ஊர் மாரியம்மன் கோயிலடியில் வந்து திரும்பிவிடும். அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டரில் காலனி. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லையே அரசு ஆவணங்களிலிருந்து எடுக்கப்போவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல காரியம். சொல் போகட்டும், பஸ் வரட்டும் என்றுதான் கேட்கிறோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஊர்த்தெரு வழியாக நடந்துதான் பஸ் பிடிக்க வேண்டும். வழியில் உட்கார்ந்திருக்கிற பையன்களின் பேச்சைப் பொறுக்காமல் ரெண்டு பெண் பிள்ளைகள் பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள்.

மனு கொடுத்தோம். ரோடு அகலம் போதாது என்று பதில். அதே ரோட்டில் கரும்பு லாரி போகிறது. தேர்தலுக்குத் தேர்தல் பிரச்சார வேன் போகிறது. இரண்டாவது மனுவுக்குப் பிறகு ரெண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேச்சுவார்த்தை நடத்தினார்கள். அங்கேதான் ஊர்ப் பெரியவர் ஒருவர் உண்மையைச் சொன்னார். "நீங்க கேக்கறது நாயந்தான். ஆனா வண்டி அங்க போயித் திரும்பிச்சின்னா, வரும்போதே உங்க ஆளுங்க சீட்டெல்லாம் புடிச்சிக்கினு வந்துடுவாங்க. அப்பறம் ஊர்ல ஏர்றவங்கல்லாம் நின்னுகினா போவாங்க?"

கூட்டத்தில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. நான் அந்தப் பெரியவரைக் கோபிக்கவில்லை. நகரத்தைப் பற்றி நான் கேட்ட அபிப்பிராயங்களிலேயே நேர்மையானது அவருடையதுதான். நெரிசல், போக்குவரத்துத் திட்டமிடல், இடநெருக்கடி என்று பெரிய பெரிய வார்த்தை போட்டுச் சொல்வதை அவர் ஒரு சீட்டில் வைத்துச் சொல்லிவிட்டார். பஸ் எங்கே திரும்புகிறதோ அங்கே ஏறுகிறவனுக்குத்தான் ஜன்னலோரம். அடுத்து அவரே ஒரு சமரசமும் சொன்னார். சாயங்காலம் வேண்டுமானால் பஸ் காலனி வரைக்கும் போய் இறக்கிவிடட்டும். காலையில் வேண்டாம். நடுவில் உட்கார்ந்திருந்த அதிகாரி இதை நல்ல யோசனை என்று குறித்துக்கொண்டார்.

எங்கள் தரப்பில் ஒரு ஆயா எழுந்து கும்பிட்டார். "நாங்க நின்னுகினே வரோம் சாமி. உக்காரவே மாட்டோம். பஸ்ஸ மட்டும் உடுங்க." பின்னால் நின்ற பேத்தி, நர்சிங் படிக்கிற பெண், ஆயாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "ஆயா, நீ வேணும்னா நில்லு. நான் உக்காந்துதான் வருவன்." ஊர்த்தரப்பில் சிலர் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனார்கள். பேச்சுவார்த்தை முடிந்தது.

மூன்றாவது மனு தயாராக இருக்கிறது. அதில் காலைப் பஸ் என்று தனியாகக் கேட்டிருக்கிறோம், சாயங்காலச் சமரசத்தை ஏற்கவில்லை என்றும் எழுதியிருக்கிறோம். அந்தப் பெண்ணின் கையெழுத்துதான் முதல் கையெழுத்து. வருகிற திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கப் போகிறோம். வர விரும்புகிற தோழர்கள் காலை எட்டு மணிக்குத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இருங்கள். பஸ்ஸில்தான் போகிறோம், கூட்டமாக இருக்கும்.